செடி வாங்கும் முன் வெயிலை அளந்துவிடுங்கள்: வீட்டுத் தோட்டம் கேள்வி – பதில்

ஆடிப்பட்டத்துக்கு முன் தோட்டத்தை மாற்றி அமைக்க நினைப்பவர்களின் கேள்விகளே இம்முறை அதிகம். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: மதுரையில் 40-க்கு 60 அடி மனை. கிழக்குப் பார்த்த வீடு. முன்னால் 10 அடி, பின்னால் 17 அடி, தெற்கே 8 அடி, வடக்கே 3 அடி காலியிடம். வருஷக் கணக்காகக் கிடைத்த செடியெல்லாம் கிடைத்த இடத்தில் வைத்து இப்போது புதராகிவிட்டது. வீட்டுக்குக் கொஞ்சம் காய்கறி, பூஜைக்குப் பூ, துணி காயப்போட இடம், மாமியார் சாயங்காலம் உட்கார ஓர் இடம், இவ்வளவுதான் வேண்டும். எங்கிருந்து ஆரம்பிப்பது?
– வாசகி, மதுரை

பதில்: நர்சரிக்குப் போவதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். பாதித் திட்டம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. நான்கு தேவைகளைச் சொல்லிவிட்டீர்கள். ஒவ்வொன்றும் எங்கே வரவேண்டும் என்பதை வெயில்தான் முடிவு செய்யும்.

ஒரு கிராஃப் தாள் எடுங்கள். ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டர் என்று வைத்தால் மனை முழுவதும் ஒரே ஏ4 தாளில் அடங்கும். வீட்டுச் சுவர், கதவு, ஜன்னல்களை வரைந்துவிட்டு, நகர்த்த முடியாதவற்றைக் குறியுங்கள்: செப்டிக் டேங்க் மூடி, சம்ப், மழைநீர்த் தொட்டி, கழிவுநீர்க் குழாய் போகும் வழி, குழாயடி, மேலே போகும் மின்கம்பி. செப்டிக் டேங்க் மூடியின்மேல் பாத்தி போட்டால் அடைப்பு வரும் அன்று பாத்தி முழுவதையும் வாரிப்போட வேண்டியிருக்கும். அதைச் சுற்றி 10 அடிக்குள் மரமும் வேண்டாம். வேர் ஈரத்தைத் தேடிக்கொண்டு சுவர் இடுக்கில் நுழைந்துவிடும்.

அடுத்து வெயில். மேகமில்லாத ஒரு நாளில் காலை 8, 10, பகல் 12, மாலை 2, 4 மணிக்கு நிழல் விழும் எல்லையைச் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுத் தாளில் ஏற்றுங்கள். ஆனால் வைகாசியில் பார்த்த நிழல் மார்கழியில் இருக்காது. மதுரையில் டிசம்பர் கடைசியில் நடுப்பகல் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். அப்போது 10 அடிச் சுவர் வடக்குப் பக்கம் சுமார் ஆறரை அடி நிழல் தரும். ஜூன் கடைசியில் அதே சுவரின் நிழல் தெற்குப் பக்கம் விழும், அதுவும் இரண்டரை அடிக்குள். உங்கள் தெற்குச் சந்தில் 5 அடி மதில் என்றால் மார்கழி நடுப்பகலில் மதிலை ஒட்டி மூன்றேகால் அடி நிழல். மீதி இடத்தில் நல்ல வெயில். தெற்கு வீட்டுக்காரர் மாடி எடுத்து 20 அடிச் சுவர் நின்றால் நிழல் 13 அடி. அப்போது அந்தச் சந்து குளிர்காலம் முழுக்க இருட்டுதான். எனவே இன்றைய வெயிலோடு மார்கழி நிழலையும் கணக்குப் போட்டு வேறு நிறப் பென்சிலில் வரைந்துகொள்ளுங்கள்.

ஒவ்வொரு இடத்துக்கும் எத்தனை மணி நேரம் வெயில் என்று எண்ணினால் என்ன நடலாம் என்பது தானாகத் தெரியும். கத்தரி, தக்காளி, வெண்டை, மிளகாய், கொடிக்காய் எல்லாவற்றுக்கும் 6 மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும். கீரை, புதினா, கொத்தமல்லிக்கு 4 மணி நேரம் போதும். அதற்கும் குறைந்த இடத்தில் மஞ்சள், இஞ்சி, வெற்றிலை வையுங்கள். அங்கே தக்காளி வைத்தால் செடி நெடுநெடுவென்று வளரும், காய் பிடிக்காது. அதற்கு உரம் போட்டுப் பயனில்லை.

உங்கள் மனைக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். மாலை 3 மணிக்கு மேல் வீட்டு நிழல் கிழக்கே விழும். ஆகவே மாமியார் உட்காரும் இடம் முன்பக்கம்தான், வாசலுக்கு ஓரமாக. தெருவில் போகிறவர்களோடு பேசிக்கொண்டும் இருக்கலாம். பின்பக்கம் மேற்கு. காலையில் வீட்டு நிழலும் நடுப்பகலிலிருந்து கடும் வெயிலும் இருக்கும். துணிக்கொடியும் காய்கறியும் அங்கே. துணிக்கொடி பக்கத்திலும் கொல்லைக் கதவு பக்கத்திலும் முருங்கை நிற்கக் கூடாது. மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி கூட்டமாக இறங்கும், அதன் முடி துணியில் ஒட்டினால் உடம்பெல்லாம் தடிப்பு.

பின்பக்கத்து 40 அடியில் வடக்குக் கோடி 10 அடியைப் பந்தலுக்கு விடுங்கள். வருஷத்தில் பெரும்பகுதி சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் உயரமானது வடக்கே நின்றால்தான் அதன் நிழல் பாத்தியில் விழாது. பந்தல் ஆறரை அடி உயரம். அதைவிடக் குறைத்தால் குனிந்து போக வேண்டும், கூட்டினால் காய் பறிக்க ஏணி வேண்டும். 10-க்கு 10 பந்தலுக்கு இரண்டு குழி போதும். ஒன்றில் புடலை, ஒன்றில் பீர்க்கு. நாலைந்து கொடி ஏற்றினால் ஒன்றின்மேல் ஒன்று படர்ந்து, உள்ளே காற்றில்லாமல் சாம்பல் நோய் வரும்.

பந்தலுக்குத் தெற்கே 4 அடி அகலம், 12 அடி நீளத்தில் இரண்டு பாத்தி. 4 அடிக்கு மேல் வேண்டாம். இருபுறமிருந்தும் கை 2 அடிதான் எட்டும். அதற்கு மேல் போனால் பாத்திக்குள் மிதிப்பீர்கள், மண் இறுகிவிடும். அடுப்பங்கரைக் கதவிலிருந்து 3 அடி அகல நடைபாதை ஒன்று, பாத்திகளுக்கு இடையில் ஒன்றரை அடி. பாத்தி ஒன்றுக்கு 25 கிலோ மட்கிய தொழு உரம் போட்டு ஓர் அடி ஆழம் கொத்திக் கலந்துவிடுங்கள். இந்த அளவுப் பாத்தியில் கத்தரி 2 அடி இடைவெளியில் 12 செடிதான். சின்ன நாற்றாகப் பார்க்கும்போது இடம் வீணாகிறதே என்று தோன்றும். நெருக்கி நடாதீர்கள். பங்குனி முதல் வைகாசி வரை மேற்கு வெயிலுக்கு 35 சதவீத நிழல்வலை கட்டலாம். ஆடியில் கழற்றிவிட வேண்டும், வலை நிரந்தரமாக நின்றால் காய்ப்பு குறையும்.

பூஜைப் பூவுக்குத் தெற்குச் சந்து. வீட்டு அஸ்திவாரத்திலிருந்து 3 அடி தள்ளிக் குண்டுமல்லியை 4 அடிக்கு ஒன்றாக வையுங்கள். கார்த்திகைக் கடைசியில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டுக் கவாத்து செய்தால் மாசியிலிருந்து பூக்கும். முன்பக்கக் காலை வெயிலுக்கு நந்தியாவட்டை, செம்பருத்தி. இடம் இருந்தால் ஒரு பவளமல்லி.

இனி பழைய செடிகள். எது இருக்கும், எது இடம் மாறும், எது போகும் என்று ஒவ்வொன்றிலும் நாடா கட்டுங்கள். காய்க்கிற, நிழல் தருகிற மரத்தைத் திட்டத்துக்காக வெட்டாதீர்கள், திட்டத்தை மாற்றுங்கள். முருங்கையை வேரோடு பெயர்க்க வேண்டியதில்லை. மூன்றடிப் போத்து வெட்டிப் புது இடத்தில் நட்டால் போதும். செம்பருத்தி, மல்லியைப் பெயர்க்கலாம். முதல்நாள் நன்றாகத் தண்ணீர் விட்டு, கிளையில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்து, வேர்மண் உதிராமல் சாக்கில் கட்டி, மாலையில் நடவும். பத்து நாள் நிழல் கொடுங்கள். கோடையில் பெயர்த்தால் பாதி போய்விடும். மழை பிடித்த பிறகு செய்யுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் மாற்ற வேண்டாம். முதலில் புதர் அகற்றல், நடைபாதை, குழாய். பிறகு ஒரே ஒரு பாத்தியும் பந்தலும். அது பராமரிப்பில் நின்ற பிறகு அடுத்தது. கொத்திப்போட்ட இடத்தில் உடனே எதுவும் நடாவிட்டால் மூன்றே வாரத்தில் கோரை பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: புது வீடு கட்டி ஒரு வருடம் ஆகிறது. எது வைத்தாலும் இளம் இலை மஞ்சளாகி நின்றுவிடுகிறது. உரம் போட்டும் பலனில்லை. தோட்டத்தையே புதிதாக அமைக்க வேண்டுமா?
– வாசகர், கோவை

பதில்: ஒரு கடப்பாரையால் நாலைந்து இடத்தில் ஓர் அடி தோண்டிப் பாருங்கள். சிமென்ட் கட்டி, ஓடு, ஜல்லி, பூச்சு வேலையில் உதிர்ந்த கலவை இருந்தால் காரணம் அதுதான். வேலை முடியும்போது மிச்சக் கலவையை மனையிலேயே கொட்டி, மேலே நாலு அங்குலம் செம்மண் பரப்பிச் சமன் செய்துவிடுவது வழக்கமாக நடக்கிறது. சிமென்ட்டில் உள்ள சுண்ணாம்பு மண்ணின் காரத்தன்மையை ஏற்றிவிடும். மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. இளம் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்பது அதன் அடையாளம். காய்ந்த மண் ஒரு கைப்பிடி எடுத்து மேலே வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு நிறைய இருக்கிறது.

இதற்கு உரம் மருந்தல்ல. மரம் வைக்கும் இடத்தில் 3 அடி நீளம், அகலம், ஆழத்துக்குக் குழி எடுத்து இடிபாட்டை முழுவதும் அப்புறப்படுத்துங்கள். புது மண்ணோடு 10 கிலோ தொழு உரம், ஒரு கிலோ வேப்பம் புண்ணாக்கு கலந்து நிரப்புங்கள். காய்கறிக்கு அவ்வளவு தோண்ட வேண்டாம். தரைக்கு மேலேயே செங்கல் அடுக்கி ஓர் அடி உயர மேட்டுப்பாத்தி போடுங்கள். 4-க்கு 12 பாத்திக்கு 48 கன அடி மண் வேண்டும். பாதி செம்மண், கால் பங்கு மட்கிய சாணம், கால் பங்கு தென்னைநார்க் கழிவு. லாரி மண்ணை யூனிட் கணக்கில் தருவார்கள், ஒரு யூனிட் 100 கன அடி. அப்படியென்றால் ஒரு யூனிட் செம்மண் இதுபோல நான்கு பாத்திக்கு வரும். முதல் மழையில் ஐந்தில் ஒரு பங்கு அமுங்கும், அதற்கும் சேர்த்து எரு வைத்துக்கொள்ளுங்கள்.

இறக்கும் மண்ணையும் பார்த்து வாங்க வேண்டும். கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர் விட்டுக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்தில் அடியில் படியும், வண்டல் இரண்டு மணி நேரத்தில், களி மறுநாள். பாதிக்கு மேல் களி என்றால் அந்த லோடு வேண்டாம். சந்தேகம் தீராவிட்டால் வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்துக்குக் கொடுங்கள். எட்டுப் பத்து இடத்தில் மேல்மண்ணைத் தள்ளிவிட்டு ஆங்கில ‘வி’ வடிவில் அரையடி ஆழம் வெட்டி, பக்கச்சுவர் மண்ணைச் சுரண்டி எடுத்து, ஒன்றாகக் கலந்து அரைக் கிலோ மட்டும் நிழலில் உலர்த்தி அனுப்புங்கள்.

கேள்வி: களிமண். ஐப்பசி, கார்த்திகையில் கொல்லையில் இரண்டு மூன்று நாள் தண்ணீர் நிற்கிறது. போன மழையில் பப்பாளியெல்லாம் அழுகிவிட்டது. மணல் அடித்தால் சரியாகுமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: மணல் அடிக்காதீர்கள். களியில் கொஞ்சம் மணல் சேர்ந்தால் வெயிலில் காய்ந்து முன்னைவிடக் கெட்டியாகிவிடும். மாற்றம் தெரிய வேண்டுமானால் மண்ணில் பாதி அளவுக்கு மணல் கொட்ட வேண்டும், அந்தச் செலவுக்கு அர்த்தமில்லை. மட்கு உரமும் இலைச்சருகும்தான் களியை உதிரியாக்கும். அதற்கு இரண்டு மூன்று வருடம் ஆகும்.

இப்போதைக்குத் தண்ணீருக்கு வழி செய்யுங்கள். ஓர் அடிக்குழி எடுத்துத் தண்ணீர் நிரப்பி வடியவிடுங்கள். மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று குச்சியில் அளங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் இறங்கினால் மண் பரவாயில்லை, தரையின் வாட்டம்தான் (சரிவுதான்) கோளாறு. அதற்கும் குறைந்தால் தரையில் எதையும் நட வேண்டாம், எல்லாம் மேட்டில்தான்.

வாட்டம் பார்க்கக் கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் டியூப் போதும். வீட்டிலிருந்து விலகி 30 அடிக்கு மூன்றரை அங்குலம் இறக்கம் இருக்கவேண்டும். நடைபாதையைப் பள்ளமாகவும் பாத்தியை முக்கால் அடி மேடாகவும் அமைத்தால் பாதையே மழைநாளில் வாய்க்காலாகும். அந்தத் தண்ணீரைப் பக்கத்து மனைக்கோ சாக்கடைக்கோ விடாமல் மழைநீர்க் குழிக்குக் கொண்டு போங்கள். தமிழ்நாட்டில் 2003-லேயே கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டதால் பெரும்பாலான வீடுகளில் குழி இருக்கிறது. ஆனால் வடிகட்டும் ஜல்லியும் மணலும் சேறு பிடித்து அடைத்துக் கிடக்கும். புரட்டாசியில் அவற்றை அள்ளி, கழுவி, திரும்பப் போடுங்கள்.

பப்பாளி ஒருநாள், இரண்டுநாள் தேக்கத்தைக்கூடத் தாங்காது. பப்பாளி, முருங்கை, எலுமிச்சை மூன்றுக்கும் ஒன்றரை அடி உயரம், அடியில் 5 அடி அகலம் உள்ள மண்மேடு கட்டி அதன் உச்சியில் நடவேண்டும். எப்போதும் ஈரம் நிற்கிற மூலையை எதிர்த்துப் போராடாதீர்கள். கல்வாழை, சேம்பு, வல்லாரை, பொன்னாங்கண்ணிக்கு அதைவிட நல்ல இடம் உங்கள் கொல்லையில் இல்லை.

கேள்வி: கடற்கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர். போர் தண்ணீர் டீடிஎஸ் (லிட்டரில் கரைந்திருக்கும் உப்பு, மில்லிகிராமில்) 1,800. ரோஜா, எலுமிச்சை எல்லாம் இலை ஓரம் கருகுகிறது. ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தும் சரியாகவில்லை.
– வாசகி, சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலை

பதில்: ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரை இன்றே நிறுத்துங்கள். குடிக்கும் தண்ணீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. அது போர் தண்ணீரைவிட உப்பானது. தரை துடைக்க வைத்துக்கொள்ளலாம்.

பாசனத் தண்ணீரில் டீடிஎஸ் 450 வரை பிரச்சினை இல்லை. 450-லிருந்து 2,000 வரை செடியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2,000-க்கு மேல் போனால் மிகச் சில செடிகளே தாங்கும். நீங்கள் மேல் எல்லையில் இருக்கிறீர்கள். ரோஜா, எலுமிச்சை, மா, பீன்ஸ், வெங்காயம், கேரட் உப்புக்கு முதலில் தோற்பவை. அவற்றைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். தென்னை, சப்போட்டா, பூவரசு, புங்கம், காகிதப்பூ, கற்றாழை, பருப்புக்கீரை, பீட்ரூட் இவை தாங்கும். இவற்றை முதுகெலும்பாக வைத்துத் தோட்டத்தை வரையுங்கள்.

தண்ணீர் விடும் முறையும் மாற வேண்டும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் வேரடியில் தங்கும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை நன்றாக ஊற விடுங்கள், தேவைக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்தே விடுங்கள். அந்த உபரித் தண்ணீர் உப்பைக் கீழே கொண்டுபோகும். இலைமேல் ஊற்றக்கூடாது. மூன்று அங்குலம் சருகு மூடாக்கு போடுங்கள். தொட்டியில் உப்பு தரையைவிடச் சீக்கிரம் சேரும். ஆகவே ரோஜாவை விட மனமில்லாவிட்டால் அந்த ஒன்றிரண்டு தொட்டிக்கு மழைநீர் மட்டும். 1,000 சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 930 லிட்டர் விழுகிறது. வீணாவது போக 750 லிட்டராவது பிடிக்கலாம். ஆயிரம் லிட்டர் தொட்டி ஒன்றை இறங்கு குழாயடியில் மூடியோடு வையுங்கள். மூடி இல்லாவிட்டால் வாரம், பத்து நாளுக்குள் கொசு வளர்ந்து பறந்துவிடும்.

ஜிப்சம் போடச் சொல்லி யாராவது சொல்வார்கள். மண்ணில் சோடியம் மிகுந்திருந்தால் மட்டுமே அது உதவும். மண் பரிசோதனைக்கு முன் வாங்க வேண்டாம்.

கேள்வி: முன்பக்கம் 400 சதுர அடி புல்தரை போடலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: கோடையில் 100 சதுர அடிப் புல்லுக்கு நாளுக்கு 45 லிட்டர் வேண்டும். உங்களுக்கு 180 லிட்டர். பங்குனி, சித்திரையில் திருச்சியில் அந்தத் தண்ணீர் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். குழந்தைகள் ஓடியாட வேண்டுமென்றால் 100 சதுர அடி அருகம்புல் போதும். மீதிக்குப் பொடுதலை நல்லது. தரையோடு படரும், வெட்ட வேண்டாம், இடையிடையே மிதித்தாலும் தாங்கும், சின்னப் பூவுக்குத் தேனீ வரும். பேவர் பிளாக் பாவி மூடிவிடாதீர்கள். சூடும் ஏறும், மழையும் இறங்காது.

கேள்வி: மொட்டை மாடி முழுவதும் ஓர் அடிக்கு மண் பரப்பித் தோட்டம் போட நினைக்கிறோம். பத்து வருடப் பழைய கட்டடம். தாங்குமா?
– வாசகர், சேலம்

பதில்: தாங்காது, செய்யாதீர்கள். ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 சொல்லும் பாரம் சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோ, அதாவது சதுர அடிக்கு 14 கிலோ. நனைந்த மண் ஓர் அடி ஆழத்துக்குச் சதுர மீட்டருக்கு 500 கிலோ வரும். மூன்று மடங்குக்கு மேல். இதில் ஆட்களின் எடையையோ தண்ணீர்த் தொட்டியையோ சேர்க்கவே இல்லை.

பைகளில் வளருங்கள். 12-க்கு 12 அங்குலப் பை ஒன்று ஈரத்தோடு 20 முதல் 25 கிலோ. நடக்க இடம் விட்டு 100 சதுர அடிக்கு 30 பை வைத்தால் சதுர அடிக்கு 7 கிலோ அளவில் நிற்கும். பெரிய டிரம், எலுமிச்சைத் தொட்டி போன்றவற்றைச் சுவரும் பீமும் போகும் கோட்டின்மேல் மட்டும் வையுங்கள், அறையின் நடுவே வேண்டாம். கலவை: செம்மண், மண்புழு உரம், தென்னைநார்க் கழிவு மூன்றும் சம அளவு, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. 5 கிலோ நார்க்கழிவுக் கட்டி ஊறினால் 70 லிட்டர் அளவுக்குப் பெருகும். அதில் உப்பு இருக்கும், இரண்டு முறை அலசிப் பிழிந்தே சேர்க்கவேண்டும். கீரைக்கு 6 அங்குல ஆழம், கத்தரி, மிளகாய், தக்காளிக்கு 12, கொடிக்காய்க்கு 18.

ஒரு பையும் வைப்பதற்கு முன் தளம் ஒழுகுகிறதா என்று பாருங்கள். வடிகால் வாயை அடைத்து 2 அங்குலம் தண்ணீர் தேக்கி 48 மணி நேரம் விடுங்கள். கீழே கூரையில் ஈரம் கண்டால் முதலில் அதைச் சரி செய்ய வேண்டும், தோட்டம் பிறகு. பைகள் அரையடி உயர ஸ்டாண்டில் நிற்கட்டும். தளத்தோடு ஒட்டி வைத்தால் வேர் ஓடு இடுக்கில் இறங்கும், அடியில் காயாத ஈரம் நிற்கும், கூட்டவும் முடியாது.

கேள்வி: அப்பா சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டார். தோட்டத்தில்தான் அவர் பொழுதெல்லாம் போகும். ஒன்றரை வயதுப் பேரனும் வீட்டில். இருவருக்கும் ஏற்றபடி மாற்ற வேண்டும்.
– வாசகி, நாகர்கோவில்

பதில்: அவர் தோட்டத்துக்குள் போகிற வழியை முதலில் சரி செய்யுங்கள். பாதை 4 அடி அகலம். நாற்காலி திரும்பும் இடத்தில் 5-க்கு 5 அடி. வாசற்படி எத்தனை அங்குல உயரமோ அதைப்போல 12 மடங்கு நீளத்துக்குச் சாய்தளம்: ஓர் அடி உயரத்துக்கு 12 அடி. இடமில்லை என்று செங்குத்தாகக் கட்டினால் அவரால் தனியாக ஏற முடியாது, இறங்கும்போது நாற்காலி ஓடிவிடும். தளத்துக்குத் துடைப்பத்தால் வரி போட்ட சிமென்ட் நல்லது. வழவழ டைல்ஸ் மழையில் வழுக்கும், சரளைக்கல்லில் சக்கரம் புதையும்.

பாத்தியை அவர் உயரத்துக்குக் கொண்டு வாருங்கள். 2 அடி உயரம், ஒரு பக்கமிருந்து மட்டும் எட்டுமென்றால் 2 அடி அகலம், இரு பக்கமும் வரமுடிந்தால் 4 அடி. 9 அங்குலச் செங்கல் சுவர், அடியில் மூன்று அடிக்கு ஒரு வடிதுளை. கீழ்ப்பாதிக்குத் தேங்காய் உரிமட்டை, காய்ந்த மட்டை அடுக்கி மேல் ஓர் அடிக்கு மட்டும் மண் போட்டால் செலவு குறையும். மட்டை மட்கி மண் இறங்கும், வருடம் ஒருமுறை மேலே நிரப்புங்கள். குழாயின் திருகும் அதே உயரத்தில், நெம்பி திறக்கும் மாதிரி இருக்கட்டும். வாளி தூக்காமல் அவரே தண்ணீர் விடலாம். உட்கார்ந்து பார்க்கிற தோட்டத்தைவிட அவர் கையால் வேலை செய்கிற தோட்டம்தான் அவருக்கு வேண்டும்.

பேரனுக்காக எடுக்க வேண்டியவை: அரளி, பொன்னரளி, ஊமத்தை, குன்றிமணி, செங்காந்தள், டிஃபன்பேக்கியா. அரளியில் எல்லாப் பாகமும் விஷம், பொன்னரளி விதை மிகவும் ஆபத்து. தோண்டி எடுத்ததை எரிக்கவும் கூடாது, ஆடுமாடு எட்டும் இடத்தில் போடவும் கூடாது. தாமரைத் தொட்டி இருந்தால் தண்ணீருக்கு ஓர் அங்குலம் கீழே கம்பி வலை போடுங்கள். அரையடித் தண்ணீரும் அந்த வயதுக்கு ஆபத்து.

கேள்வி: கொல்லையில் பெரிய வேம்பு. நிழலால் எதுவும் வளரவில்லை. வெட்டிவிடலாமா?
– வாசகர், விருதுநகர்

பதில்: வேண்டாம். விருதுநகர் வெயிலில் அந்த நிழலை விலைகொடுத்து வாங்க முடியாது. ஆவணியில், புயல் பருவத்துக்கு முன், தாழ்ந்த கிளைகளை மட்டும் எடுத்துக் கொண்டையை உயர்த்துங்கள். ஒருமுறைக்குக் கால் பங்குக்கு மேல் கழிக்கக்கூடாது. தடித்த கிளையை ஒரே வெட்டில் எடுத்தால் அதன் பாரத்தில் தண்டின் பட்டையையும் உரித்துக்கொண்டு விழும். தண்டிலிருந்து ஒன்றரை அடி தள்ளி அடிப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு அறுங்கள். அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்துக் கிளையை இறக்குங்கள். மிஞ்சிய கட்டையைக் கிளையடிப் புடைப்பை விட்டுவிட்டு அறுங்கள். வெட்டுவாயில் தார் பூச வேண்டாம். கீழே மஞ்சள், சேனைக்கிழங்கு, கற்பூரவல்லி வைக்கலாம். வேர்ப்பகுதியை ஆழமாகக் கொத்தக் கூடாது, தண்டைச் சுற்றி மண்ணும் குவிக்கக்கூடாது.

கேள்வி: மாடியில் 40 பை. பத்து நாள் ஊருக்குப் போனால் யாரும் தண்ணீர் விட ஆளில்லை. சொட்டுநீர் போட்டோம், சில பைக்கு வருகிறது, சிலவற்றுக்கு வரவில்லை.
– வாசகி, ஈரோடு

பதில்: மாடித் தொட்டி பைகளைவிட 4, 5 அடிதான் உயரம் என்றால் அழுத்தம் மிகக் குறைவு. கடையில் தரும் அழுத்தம் சமன்செய்யும் சொட்டுவான் அதில் சரியாக வேலை செய்யாது. திருகி அளவு மாற்றும் சாதாரணச் சொட்டுவான் அல்லது நுண்குழாய் போடுங்கள். 16 மில்லிமீட்டர் குழாயை ஒரே நீளமாக இழுக்காமல் தொட்டியிலிருந்து இரண்டு கிளையாகப் பிரித்தால் கடைசிப் பைக்கும் வரும். தொட்டி வாயில் வடிகட்டி கட்டாயம், அடைப்பில் பாதி அங்கேயே தீரும்.

கணக்கு இது: மணிக்கு 2 லிட்டர் சொட்டுவான், நாளுக்கு அரை மணி நேரம், 40 பைக்கு 40 லிட்டர். பத்து நாளுக்கு 400. ஆக 500 லிட்டர்த் தொட்டி போதும். கோடையில் காலை, மாலை என்று இரண்டு முறை விட்டால் இரு மடங்கு. பேட்டரி டைமர் வாங்கும்போது பந்து வால்வு உள்ளதைக் கேளுங்கள். சோலனாய்டு (மின்காந்த வால்வு) வகை குறைந்த அழுத்தத்தில் சரியாகத் திறந்து மூடாது. புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே ஓடவிட்டு, ஒவ்வொரு பைக்கும் அடியில் ஒரு டம்ளர் வைத்துச் சொட்டுவதை அளந்து, குறைவாக வருவதைத் திருகிச் சரி செய்துவிட்டுப் போங்கள்.